நன்றி கெட்டவள் என்று எழுதித் தரவும்

உதவித்தொகை என்பது கேட்டால் கிடைக்கக்கூடியது என்ற எண்ணத்தோடுதான் மிளகு பள்ளி ஆலோசகரின் அறைக்குள் போனாள். வீட்டிலும் வகுப்பிலும் அவளுக்கு மிளகு என்றுதான் பெயர். ஆள் சிறியவள். எந்தக் கூட்டத்தில் கலந்தாலும் கடைசியில் யாருடைய பல்லிலாவது கடிபடுவது அவளாகத்தான் இருக்கும்.

பள்ளியில் அது அவளுக்குக் கடைசி வருடம். காது கேளாதவர்களுக்குச் சிகிச்சை தரக் கற்றுக்கொடுக்கும் படிப்பு ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அந்தப் படிப்பை அவள் தேர்ந்தெடுக்கக் காரணம் அவளுடைய அம்மா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களுக்கு நடுவே வருடக்கணக்காக நின்று இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் அவள். அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் லிப்ட் தானாகவே ஏறி இறங்கக் கற்றுக்கொண்டது. அப்பா வீட்டில் சமைக்கக் கற்றுக்கொண்டார். கல்லூரிக் கட்டணம் அம்மாவின் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கிற அளவில் இருந்தது.

"உதவித்தொகையா? நிறைய இருக்கும்மா. கடல் மாதிரி இருக்கு" என்றார் ஆலோசகர்.

"எனக்கு எது கிடைக்கும் சார்?"

"அதான் சொன்னேனே. கடல் மாதிரி."

அவர் அலமாரியைத் திறந்து கடலைக் காட்டினார். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தது. கப்பல் தலைவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று. ஆறடிக்கு மேல் வளர்ந்த, புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று. அதற்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். கடைசியில் மிஞ்சியது நகரத்தின் மிகப் பெரிய அறக்கட்டளை. அதன் கட்டடத்தின் மேல், நான்கு தெரு தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி, 'வலது கை கொடுப்பதை இடது கை அறியாது' என்று விளக்குப் போட்டு எழுதி வைத்திருப்பார்கள்.

"அவங்களுக்கு உன் மார்க் முக்கியமில்ல. துயரம்தான் முக்கியம். ஒரு கட்டுரை எழுதிக் கொடு" என்றார் ஆலோசகர்.

மிளகு அரைப் பக்கம் எழுதினாள். அம்மாவின் வேலை, அப்பாவின் வேலை போனது, தான் படிக்க விரும்புவது என்ன என்பது. நான்காம் நாள் அது திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் 'துயரம் போதவில்லை' என்று இருந்தது.

அப்பா அதை வாங்கிப் படித்தார். "அம்மா சம்பாதிக்கறா, அப்பா சமைக்கறான், பொண்ணு படிக்கறா. இதுல எவன் அழுவான்? பேனாவைக் குடு" என்றார். வெங்காயம் நறுக்கிய கையோடு உட்கார்ந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'லிப்ட் மேலே மேலே போனது. எங்கள் வாழ்க்கை கீழே கீழே போனது.'

"அப்பா, இது ரொம்ப அசிங்கமா இருக்கு."

"அசிங்கமாத்தான் இருக்கு. அனுப்பு."

அந்த வரியைப் படித்துத் தேர்வுக்குழுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்களாம்.

அடுத்தது வீட்டுச் சோதனை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே தானம் கொடுக்கிறவர்கள், வாங்க வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். இதைச் சும்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. மதிப்பீட்டு அதிகாரியாக வந்த அம்மையார், மிளகின் அம்மா கொட்டாவி விட்டபோது குனிந்து உள்ளே பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லு அடைச்சிருக்கே. இதுக்கு யார் பணம் கொடுத்தது?"

அம்மாவுக்குக் கேள்வி சரியாகக் கேட்கவில்லை. "ஆமாங்க, இப்ப வலி இல்ல" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"உங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"டீ குடிப்பேன்."

அதிகாரியின் முகம் வாடியது. "அடிப்பீங்களா?"

"யாரை?"

"யாரையாவது."

"கொசு அடிப்பேங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டுத் திறந்தார். இவ்வளவு வசதிக்குறைவான ஏழ்மையை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்பது போலிருந்தது. மூலையில் நின்ற பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"இது ஆடம்பரம் இல்லையா?"

"அது ஓடாதுங்க. உள்ள துணி மடிச்சு வச்சிருக்கோம்" என்றாள் மிளகு.

அதிகாரி கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. "ஆனா விளக்கு எரியுது" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார். புறப்படும்போது வாசலில் நின்றார்.

"நாங்க வர்றப்ப உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுது. சிரிச்சது யாரு?"

"நான்தாங்க. பொண்ணு ஏதோ சொன்னா" என்றார் அப்பா.

"குழுவுல இதைக் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அடுத்த தடவை சொல்லிட்டு வாங்க. அழுதுக்கிட்டு இருக்கோம்."

அதிகாரி அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார். தலையசைத்துவிட்டுப் போனார்.

எப்படியோ மிளகு தேர்வானாள். செய்தியை ஒரு புகைப்படக்காரர் கொண்டுவந்தார். கையில் மண்ணெண்ணெய் விளக்கு, கிழிந்த போர்வை, மூக்கு உடைந்த ஒரு பொம்மை. பொம்மை வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். போர்வையை அவள் தோளில் போட்டார். விளக்கை ஏற்றிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேமராவின் பெரிய வெளிச்சத்தைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் வீட்டின் இருட்டு பிரமாதமாகத் தெரிந்தது.

பத்து நாளில் ஊரெல்லாம் சுவரொட்டி. 'இவள் இருளில் இருந்தாள். நாம் ஒளி கொடுத்தோம்.' மிளகின் முகம் ஒரு தட்டு அளவு. அறக்கட்டளைத் தலைவரின் முகம் ஒரு கதவு அளவு.

"கரண்ட் பில் கட்டறது உங்கம்மா. ஒளி குடுத்தது அவராம்" என்றார் அப்பா.

சுவரொட்டிக்குப் பின்னால் ஒரு பையும் வந்தது. மிளகு ஆசையோடு திறந்தாள். தலைவரின் வாழ்க்கை வரலாறு இருந்தது. தலைவரின் படம் போட்ட பேனா இருந்தது. 'நன்றி' என்று அச்சிட்ட அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. பையை உதறிப் பார்த்தாள். தைத்தவர் விட்டுப்போன ஒரு நூல் விழுந்தது. அவ்வளவுதான்.

கல்லூரியில் கட்டணப் பிரிவுக்குப் போனாள். கம்பி வலைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான். தேய்ந்த குரலில் விவரம் சொன்னார்.

"கட்டணம் கட்ட முடியாதவங்களுக்கு நாங்களே முழுச் சலுகை தர்றோம். ஒரே நிபந்தனை. வேற எங்கேயும் உதவி கிடைச்சிருக்கக் கூடாது."

"எனக்குக் கிடைக்கல சார்."

எழுத்தர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிரே பேருந்து நிறுத்தம். அதில் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்கதானே?"

"நான்தான். ஆனா பணம் எதுவும் தரல சார். போஸ்டர் மட்டும்தான் ஒட்டினாங்க."

"பணமே குடுக்காம யாராவது அவ்வளவு பெரிய போஸ்டர் ஒட்டுவாங்களாம்மா?"

அந்தக் கேள்வி மிளகுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"பணம் தரலன்னு அவங்ககிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா உங்க இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். என் கையில ஒண்ணுமில்ல" என்றார் எழுத்தர்.

அறக்கட்டளை அலுவலகத்தின் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நன்றிப் பிரிவு ஒரு மாடி முழுக்க இருந்தது. விளம்பரப் பிரிவு இரண்டு மாடி. உதவித்தொகைப் பிரிவு எங்கே என்று கேட்டாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். அதில் உட்காருகிறவர் விடுமுறையில் இருந்தார். ஆகவே செயலாளரைப் பார்த்தாள்.

"சார், பணம் எப்ப வரும்?"

"பணமா?" செயலாளர் அந்தச் சொல்லை, சட்டையில் ஏறிய பூச்சியைத் தட்டிவிடுவதுபோலச் சொன்னார். "பணத்தைக் கையில குடுத்தா என்னாகும் தெரியுமா? செலவாயிடும். எத்தனையோ பேருக்குக் குடுத்துப் பார்த்தோம், எல்லாரும் செலவு பண்ணிட்டாங்க. அதனால இப்ப நம்பிக்கை குடுக்கறோம். அது செலவே ஆகாது."

"கல்லூரியில நம்பிக்கையை வாங்கிக்க மாட்டேங்கறாங்க சார்."

"அது கல்லூரியோட குறை."

"அப்ப நன்கொடையா வர்ற பணம்?"

செயலாளர் பொறுமையாக விளக்கினார். ஒரு குழந்தைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரல். "நன்கொடை எதைப் பார்த்து வருது? போஸ்டரைப் பார்த்து. போஸ்டர் எதுல அடிக்கறோம்? நன்கொடையில. எவ்வளவு அழகாச் சுத்துது பாரு. இதுக்கு நடுவுல நீ வந்து கையை நீட்டினா சக்கரம் நின்னுடாதா?"

"சரிங்க சார். எனக்குப் பணம் தரலன்னு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. நான் போயிடறேன்."

செயலாளர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மாதிரிக் கடிதம் இந்த இடத்துலேர்ந்து போனதே இல்ல. இங்க ரெண்டே கடிதம்தான். ஒண்ணு தேர்வுக் கடிதம். இன்னொண்ணு நீக்கக் கடிதம்."

"நீக்கக் கடிதம் யாருக்குத் தருவீங்க?"

"நன்றி கெட்டவங்களுக்கு. ஆனா கவலைப்படாத, இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. எல்லாருமே நன்றியோடதான் இருக்காங்க."

மிளகு வீட்டுக்கு வந்து, அந்த நீக்கக் கடிதத்தை வாங்கப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு உடனே பிடித்துப்போனது. "எதுக்கும் லாயக்கில்லாதவன்னு எழுதி வாங்கறது கஷ்டமே இல்ல. எங்க மேனேஜர் எனக்குக் கேக்காமலே குடுத்தார்" என்றார்.

அம்மாவுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை புரிந்தபோது அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"நன்றி கெட்டவள்னு பேர் வாங்கப் போறியா? நான் உன்னை அப்படியா வளர்த்தேன்?"

மிளகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறக்கட்டளை அவளை அழவைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. அம்மா துணியை மடித்து ஓடாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அவங்க என்னதான் குடுத்தாங்க?" என்றாள் பிறகு.

"ஒரு பை."

"பையைத் திருப்பிக் குடுத்துடு. அப்புறம் என்ன வேணா பேசு. கையில அவங்க பொருளை வச்சுக்கிட்டுப் பேசாத."

ஆனால் அந்த இடத்தில் நன்றி கெட்டவள் என்று பெயர் எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. மறுநாளே பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். 'தனக்குக் கிடைத்ததைத் தன்னைவிட ஏழைக்கு விட்டுக்கொடுத்த மாணவி' என்று அவர்களுடைய மாத இதழில் செய்தி வந்தது.

விழாவுக்கு முன்னால் நன்றிப் பயிற்சி வகுப்பு நடந்தது. பயிற்சியாளர் ஒரு நடுவயதுக்காரர். கழுத்தில் விசில் கட்டியிருந்தார்.

"தலைவர் கையைக் குலுக்கறப்ப ரெண்டு கையாலயும் பிடிக்கணும். ஒரு கைன்னா அது வியாபாரம். கண்ணு ரெண்டாவது வரியில கலங்கணும், முதல் வரியிலயே கலங்கினா கேமரா தயாரா இருக்காது. கண்ணீர் கன்னத்தோட நிக்கணும். தாடைக்கு வந்தா ஒரு மாதிரி ஏழைத்தனமாத் தெரியும்."

தேர்வான பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகக் கலங்கிப் பழகினார்கள். மிளகு கலங்காமல் நின்றாள்.

"பார்த்துக்கங்க. நெகிழ்ச்சி அதிகமானா இப்படித்தான். உறைஞ்சு போயிட்டா" என்றார் பயிற்சியாளர்.

"நான் நன்றி சொல்ல மாட்டேன் சார்."

"வார்த்தையில சொல்ல முடியாதுன்னு சொல்றா. இதையே மேடையில சொல்லும்மா, அருமையா இருக்கும்."

"எனக்கு உங்க அறக்கட்டளையே பிடிக்கல சார்."

பயிற்சியாளர் விசில் ஊதினார். "பாசம் முத்தினாத்தான் இந்த உரிமை வரும். இவளைக் கடைசியாப் பேச விடுங்க."

விழா அரங்கத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. முன்வரிசையில் நன்கொடையாளர்கள். பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், பெற்றோர்கள். அம்மா வலது காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் மிளகின் சுவரொட்டி ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்குத் தொங்கியது.

தலைவர் பேசினார். தன்னைப் பற்றிப் பேசுவது தனக்குப் பிடிக்காது என்று ஆரம்பித்து முக்கால் மணிநேரம் அந்தப் பிடிக்காததைச் செய்தார்.

"சின்ன வயசுல எனக்கு யாரும் உதவி பண்ணல. நானும் நல்லா வந்தேன். அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், உதவி பண்ணாம இருக்கறதுதான் ஒருத்தனை முன்னுக்குக் கொண்டுவரும்னு. அந்தத் தத்துவத்துலதான் இந்த அறக்கட்டளையை நடத்தறேன். ஏழைங்க இருக்கற வரைக்கும் நாங்க இருப்போம். நாங்க இருக்கற வரைக்கும் ஏழைங்க இருப்பாங்க. இது நான் உங்களுக்குக் குடுக்கற வாக்குறுதி."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கடைசியில் மிளகு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். அது அவள் உயரத்துக்குச் சரியாக இல்லை. அதைத் தாழ்த்தி வைத்தார்கள். அவள் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"பின்னாடி மாட்டியிருக்கறது என் படம்தான். அந்த விளக்கு எங்களோடது இல்ல. போட்டோ எடுத்தவரோடது. எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எங்க வீட்டுல டியூப் லைட் இருக்கு. இவங்க எனக்கு ஒரு பை குடுத்தாங்க, அதையும் திருப்பிக் குடுத்துட்டேன். பணம் ஒண்ணும் குடுக்கல. இங்க இருக்கற யாருக்கும் குடுக்கல. மாசக் கடைசிக்குள்ள ஏற்பாடு பண்ணலன்னா நான் படிக்க முடியாது. அதனால நன்றி சொல்ல வரல. சொல்ற மாதிரி எதுவும் நடக்கல."

தொகுப்பாளர் ஓடிவந்து, "ஆகா, என்ன ஒரு தன்னடக்கம்" என்றார். முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. இதுவும் போச்சு என்று மிளகு நினைத்தாள்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. மரக்கடை வைத்திருக்கும் பெரிய வியாபாரி. வருடா வருடம் கொடுக்கிறவர். காசு விஷயத்தில் அவருக்கு உவமை, அணி எதுவும் புரியாது.

"பணம் குடுக்கலன்னு சொல்லுதே அந்தப் பொண்ணு. அப்ப நான் குடுத்தது எங்க?" என்றார்.

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"இப்படிப்பட்ட நன்றி கெட்டவங்களுக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

"குடுத்தீங்களா?" என்றார் மரக்கடைக்காரர்.

"குடுக்கறதா இருந்தோம்."

"எப்ப?"

தலைவர் பக்கவாட்டில் நின்ற இசைக்குழுவுக்குச் சைகை காட்டினார். இசை முழங்கியது. அந்தச் சத்தத்தில் விழா முடிந்தது.

வெளியே வந்தபோது மிளகுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா அவள் விரல்களைத் தன் கைக்குள் வைத்து அழுத்தினாள்.

"நல்லா உரக்கப் பேசினே. எனக்கே கேட்டுது" என்றாள்.

அறக்கட்டளையின் சரித்திரத்திலேயே ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக வெளியே வந்ததில்லை. மறுநாள் காலை, அப்பா பல் தேய்ப்பதற்குள், ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கெட்டியான காகிதம். பொன்னிற முத்திரை.

கல்லூரி எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்தார். "'இந்த மாணவி நன்றியுணர்வு அறவே அற்றவர். இவரை அறக்கட்டளையிலிருந்து அடியோடு நீக்குகிறோம். இவர் எங்களிடமிருந்து ஒரு காசும் பெற்றதில்லை, இனிமேலும் பெறமாட்டார். எவரிடமும் எந்த உதவியும் பெறத் தகுதியற்றவர் என்று இதன்மூலம் உறுதி செய்கிறோம்.'" அவர் மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். "இவ்வளவு தெளிவா ஒரு கடிதம் நான் இந்த மேசையில பார்த்ததில்லம்மா. முழுச் சலுகை. இங்க கையெழுத்துப் போடுங்க."

மிளகு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஓர் உயரமான பெண் நின்றிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம். போன வருடச் சுவரொட்டி என்று பிறகுதான் புரிந்தது. அதில் அவள் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக எங்கும் சேர முடியாமல் இந்த வரிசைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தவள்.

"அந்தக் கடிதத்தை எப்படி வாங்கினே?" என்று அவள் மெல்லிய குரலில் கேட்டாள். "ரொம்பத் திட்டணுமா?"

"திட்டவே வேண்டாம்" என்றாள் மிளகு. "உனக்கு என்ன கிடைச்சுதோ அதை மட்டும் நாலு பேர் முன்னாடி சொல்லு. திட்டறதெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க."